பதினெட்டு லட்சம் தடவை

எங்கள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஆயுள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஜோசியம் பார்க்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். லிப்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் எவ்வளவு காலம் உழைக்கும், எப்போது கழற்றி மாற்ற வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. நான் பக்கத்து மேசை. போன் எடுப்பது, எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று அனுப்புவது, அவர்கள் எழுதிக் கொடுக்கும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது, இது மூன்றும் என் தலையில். மெக்கானிக்குகள் எனக்கு வைத்த பெயர் போன்காரம்மா. அதைவிட மோசமான பெயர் ஒன்றும் உண்டு. அதை நான் எழுதப் போவதில்லை.

அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. லிப்ட் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறவள், நான்காவது மாடிக்குப் படியேறித்தான் வருவாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, மறுபடி திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். ஒருநாள் நான் சும்மா இருக்காமல், "அக்கா, எனக்கு இன்னும் எத்தனை வருஷம்னு உங்க மெஷின்ல போட்டுப் பாத்துச் சொல்லுங்களேன்" என்று வம்புக்கு இழுத்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ ஸ்கூட்டர்ல ஹெல்மெட் போடறதில்ல. உனக்கு எதுக்கு மெஷின், நானே சொல்லிடுவேன்" என்றாள். மறுநாளே ஹெல்மெட் வாங்கினேன்.

அவளும் என்னைப் போலப் படிவம் ஏற்றும் வேலைக்குத்தான் வந்தாள். ஆயுள் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன மென்பொருளை யாரும் தொடவில்லை, அக்கா தொட்டாள். ஒரு வருஷம் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டாள். லிப்டில் நாற்பத்து மூன்று வகைச் சாமான்கள். ஒவ்வொன்றாகத் திரையைத் திறந்து, எண்களை ஒட்டி, பொத்தானை அழுத்தி, வளைகோட்டைப் பார்த்து, விடையைக் குறித்துக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. அந்த மென்பொருளுக்குக் கொல்லைப்புற வாசல் மாதிரி ஒன்று உண்டு என்று அப்புறம் கண்டுபிடித்தாள். திரையைத் திறக்கவே வேண்டாம். நாம் எழுதுகிற நிரலே உள்ளே போய் வேலை வாங்கிக்கொள்ளும். 'இதோ நானூறு பிரேக் பின்கள். இவை லிப்ட் இத்தனையாவது தடவை ஓடி நின்றபோது போயின. இவை இத்தனை தடவை ஓடியும் நன்றாக இருக்கின்றன. வளைகோட்டைப் பொருத்து. நூற்றில் ஒன்று போவதற்குள் எத்தனை தடவை தாங்கும், சொல்.' அது சொல்லும். நாற்பத்து மூன்று சாமானுக்கும் சேர்த்து ஆறு நிமிடம். திங்கட்கிழமை காலையில் நிரல் தானாகவே ஓடி, அட்டவணை போட்டு, எல்லோருக்கும் அனுப்பிவிடும்.

நன்றாக இருப்பதை எதற்குக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "செத்தவங்களை மட்டும் எண்ணிட்டு ஊர்ல எல்லாரும் அம்பது வயசுதான் இருப்பாங்கன்னு சொல்ல முடியுமா? உசிரோட இருக்கறவங்களையும் எண்ணணும்ல?" என்றாள். அதனால்தான் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: பழுது, நல்லது. கழற்றிய சாமான் பழுதென்றால் நான் கணினியில் ஒன்று என்று அடிப்பேன். நல்லதென்றால் பூஜ்யம். இவ்வளவுதான் என் பங்கு.

அவள் வீட்டுக்காரர் எங்கள் மெக்கானிக்குகளிலேயே மூத்தவர். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிற மனிதர். நாள் முழுக்க லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்ப்பவர். உலகத்திலுள்ள அத்தனை ஆட்களிலும் இந்த வேலை செய்கிறவரைத்தானா இவள் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் சிரிப்போம்.

அந்த வியாழக்கிழமை காலையில் மேனேஜர் ஒரு தகவலோடு வந்தார். ஒரு துணிக்கடையில் பிரேக் பின் ஒடிந்துவிட்டது. நல்லவேளை, பெட்டி காலி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

லிப்ட் என்றால் அறுந்து கீழே விழும் என்றுதான் எல்லோருக்கும் பயம். உண்மையில் பிரேக் விட்டால் பெட்டி பெரும்பாலும் மேலே பாயும். எதிர்ப்பக்கம் தொங்கும் எடை, ஆள் குறைந்த பெட்டியைவிடக் கனமானது. அந்தப் பெட்டியைப் பிடித்து நிறுத்துவது மொட்டைமாடி அறையில் இருக்கும் பிரேக். பிரேக்கின் கையைத் தாங்கி நிற்பது கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பின். அது ஒடிந்தால், கூரைமேல் நிற்கிற ஆளுக்கும் உச்சியிலுள்ள கான்கிரீட்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை.

"ஒன்னுதானே போயிருக்கு. நம்ம அட்டவணையில பதினெட்டு லட்சம் தடவை தாங்கும்னு இருக்கு. இது பதினோரு லட்சத்துலயே போயிருக்குன்னா, அந்த ஒரு பின் மட்டமா வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அக்கா போகவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் பின்னின் பட்டியலைத் திரையில் முழுசாகத் திறந்தாள். நிரல் வந்த பிறகு அவள் விடையை மட்டும்தான் பார்ப்பாள். எண்களை யாரும் பார்ப்பதில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். பாதியில் விரல் நின்றது.

"இங்க வா" என்றாள் என்னிடம். "மூணு வருஷத்துல அறுபத்தோரு பின்னைக் கழட்டியிருக்காங்க. எல்லாத்துக்கும் நல்லதுன்னு போட்டிருக்கு. எல்லாமே ஒம்போதுலேர்ந்து பன்னெண்டு லட்சத்துக்குள்ள."

"சரி, அதுக்கென்ன?"

"பதினெட்டு லட்சத்துல மாத்தினா போதும்னு இருக்கறப்ப, நல்லா இருக்கற பின்னை எதுக்குப் பாதியிலேயே கழட்டினாங்க?"

எனக்கு விடை தெரியும். பழுது என்று எழுதினால் நாலு பக்க அறிக்கை, போட்டோ, அரசாங்கச் சோதனைக்காரர் வந்து பார்க்கும்வரை லிப்டுக்குப் பூட்டு. இரண்டு நாள் குடியிருப்பவர்களின் ஏச்சு முழுவதும் மெக்கானிக்குக்கு. 'நல்லது, முன்னெச்சரிக்கையாக மாற்றப்பட்டது' என்று எழுதினால் ஒரே வரி. அரைமணி நேரத்தில் அடுத்த வேலை. விரிசல் விட்ட பின்னைப் பார்த்தால் புதியதை மாட்டிவிட்டு நல்லது என்று டிக் போடுவது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டிருந்தது. அவர்களைப் பொறுத்தவரை அதில் தப்பே இல்லை. விரிசலைக் கண்டார்கள், மாற்றிவிட்டார்கள், லிப்ட் பத்திரம். போனில் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே பூஜ்யம் அடிப்பேன். யாரும் என்னிடம் வந்து கேட்டதில்லை. கேட்காததை வலியப் போய்ச் சொல்ல எனக்கென்ன வேண்டுதலா? இப்படியெல்லாம் அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தப் பூஜ்யம் எங்கே போய் என்ன செய்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

சொன்னேன். அக்கா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுந்து படியிறங்கி ஸ்டோருக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். கழித்துப் போடும் இரும்பு டிரம்மில் கையை விட்டுத் துழாவினாள். ஒன்பது பின்கள் கிடைத்தன. சேலைத் தலைப்பாலேயே கிரீஸைத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏழு பின்களில் கழுத்தைச் சுற்றி முடி கிடப்பது போல ஒரு கோடு. நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். முடி இல்லை.

மேசைக்கு வந்ததும் கிரீஸ் படிந்த கையோடே தட்டத் தொடங்கினாள். அறுபத்தொன்றும் பழுது என்று வைத்தால் என்ன வரும், பாதி பழுது என்று வைத்தால் என்ன வரும் என்று நிரலிடம் இருபது விதமாகக் கேட்டாள். நிரலுக்கு என்ன பயமா நடுக்கமா, இரண்டே நிமிடத்தில் இருபது விடை. எல்லாம் பழுதென்றால் ஏழு லட்சத்து முப்பதாயிரம். பாதி என்றால் ஒன்பதைத் தாண்டவில்லை. பதினெட்டு லட்சம் எங்கேயும் இல்லை.

"இவரு இன்னிக்கு எங்க?" என்றாள்.

நான்தான் காலையில் அனுப்பியிருந்தேன். பன்னிரண்டு மாடிக் கட்டடம், கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். வேலை: பெட்டி ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய். கூரைமேல் நின்று செய்வது. அந்த லிப்ட் ஓடிய எண்ணிக்கையைப் பார்த்தாள். பதினோரு லட்சத்து நாற்பதாயிரம்.

நிரலிடம் இன்னொன்று கேட்டாள். இத்தனை தடவை ஓடிய பின் இன்று சாயங்காலத்துக்குள் போக எவ்வளவு வாய்ப்பு? ஆயிரத்தில் மூன்றுகூட இல்லை என்று வந்தது. எனக்கு உயிர் வந்தது. "அவ்வளவுதானாக்கா?" என்றேன்.

"தெனம் அவ்வளவு. ஒரு மாசத்துக்குப் போட்டா பதினாலுல ஒன்னு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஆயிரம் பேரை எனக்குத் தெரியாது. மேல நிக்கற ஆள் எனக்கு ஒருத்தர்தான்" என்றாள்.

போன் போட்டோம். எடுக்கவில்லை. லிப்ட் குழிக்குள் சிக்னல் இருக்காது என்று தினமும் போன் செய்கிற எனக்குத் தெரியாதா? இருந்தும் ஏழு தடவை போட்டேன். பிறகு அவளைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரை எடுத்தேன். வழி முழுக்க அவள் என் தோளை அழுத்திக்கொண்டே வந்தாள். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் 'போ, போ' என்கிறாள். போனால் 'பாத்து, பாத்து' என்கிறாள். அந்த நாற்பது நிமிடம் நான் பட்ட பயத்தை என் எதிரிக்கும் கொடுக்கக்கூடாது.

காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மெயினை நிறுத்துங்க" என்று நான் கத்தினேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம். பெட்டி ஓடிட்டிருக்கறப்ப கரண்டை நிறுத்தினா பிரேக்தான் மொத்தமா பிடிச்சு நிறுத்தணும். அந்தப் பின்தான் தாங்கணும்." எனக்கு அது தோன்றவே இல்லை. என் கையால் அவரைக் கொன்றிருப்பேன்.

"எந்த மாடில இருக்காரு?"

"ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல சத்தம் கேட்டுச்சும்மா" என்றார் காவலாளி.

அக்கா ஓடினாள். நான் மூன்றாவது மாடியிலேயே மூச்சு வாங்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். தினமும் நான்கு மாடி ஏறுகிற அவள் காலுக்கு அன்று ஆறு மாடி பெரிதாகத் தெரியவில்லை போல. நான் போய்ச் சேர்ந்தபோது ஆறாவது மாடிக் கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள். "என்னங்க! வெளிய வாங்க! என்னங்க!" அலுவலகக் கதவுகளைத் திறந்துகொண்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பாட்டு நின்றது.

"யாரு? நீயா? ஆபீஸ்ல இருக்கறவ இங்க என்ன பண்ற?"

"ஒன்னும் கேக்காதீங்க. வெளிய வாங்க."

"அரைமணி நேரம் இரு, வேலை முடியட்டும்."

"இப்பவே வாங்க! பிள்ளைங்க மேல சத்தியம், இப்பவே வாங்க!"

இரும்பு உரசும் சத்தம். கூரைமேலுள்ள பொத்தானை அவர் அழுத்த, பெட்டி மெதுவாக இறங்கி வந்தது. அந்த நான்கடி தூரம் வர எத்தனை நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. கதவு விலகியது. இடுப்பளவு உயரத்தில் கூரைமேல் நின்றிருந்தவர் குனிந்து, எகிறித் தரையில் குதித்தார். அக்கா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவருக்குத்தான் கூச்சம்.

படியில் உட்கார வைத்துச் சொன்னாள். துணிக்கடை, அறுபத்தொன்று, டிரம்மில் கிடந்த ஏழு.

"இங்க இருக்கற பின்னை எப்ப பாத்தீங்க?" என்றாள்.

அவர் எண்ணெய்க் கையை வெகுநேரம் துணியில் துடைத்தார். "போன மாசம்" என்றார். "கோடு இருந்துச்சு. கையில ஸ்பேர் இல்ல. அடுத்த தடவை மாத்திக்கலாம்னு விட்டேன்."

"கோட்டைப் பாத்துட்டா இன்னிக்கு மேல ஏறினீங்க?"

"நீதானே பதினெட்டு லட்சம்னு போட்டிருக்க?" என்றார். கோபமில்லை. குழந்தை கேட்பது போலக் கேட்டார். "இது பதினொன்னரைகூட ஆகல. கோடு விழுந்தாலும் இன்னும் ஆறு லட்சம் தாங்கும்னு உன் அட்டவணை சொல்லுது. நீ எவ்வளவு பயப்படறவ. நீ ஒரு நம்பர் போட்டா அதுல தப்பு இருக்காதுன்னு நெனச்சேன்."

அக்கா அவரையே பார்த்தாள். "அந்த நம்பர் நீங்க நல்லதுன்னு எழுதினதுலேர்ந்து வந்ததுங்க" என்றாள்.

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவர் எழுதியதை அவள் நம்பினாள், அவள் போட்டதை அவர் நம்பினார். நடுவில் உட்கார்ந்து பூஜ்யம் அடித்தவள் நான்.

மொட்டைமாடிப் பொறியறையில் பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, லிப்டைப் பூட்டிவிட்டு, மூவரும் அலுவலகம் திரும்பினோம். அக்கா அறுபத்தொரு படிவத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் நினைவிலிருந்து சொன்னார். மற்றவர்கள் மாற்றியதையும் அவர்தான் போனில் கேட்டுச் சொன்னார். விரிசல். விரிசல். இது நிஜமாவே நல்லாத்தான் இருந்துச்சு. விரிசல். ஐம்பத்திரண்டு விரிசல்கள். நான் பூஜ்யங்களை ஒன்றாக மாற்றினேன். ஒவ்வொரு ஒன்றுக்கும் யாரோ ஒருநாள் மேலே நின்றிருக்கிறார்கள், பெரும்பாலும் அவர். அக்கா ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடித் திறந்தாள்.

திருத்திய பட்டியலை எல்லோருக்கும் அனுப்பும் முன் அவர் கேட்டார். "இதுல என் பேர் வருமா?"

"வரும். நாப்பத்தி நாலு உங்க கையெழுத்து."

"அக்கா, எழுதினவர் பேர் இருக்கற பத்தியை எடுத்துட்டு அனுப்பலாமே" என்றேன். என் பெயரும் ஏற்றியவர் என்று அதில் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் சொன்னேன், மறைப்பானேன்.

"எடுத்துட்டா எதை வச்சு இதை நம்புவாங்க? மறுபடியும் 'ஒன்னுதானே போயிருக்கு'ன்னுவாரு மேனேஜர். ஏழு லட்சத்தைத் தாண்டின லிப்ட் நாப்பத்தாறு இன்னிக்கு ஓடிட்டிருக்கு. ஜனம் ஏறிட்டிருக்கு." அவள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க வேலை போயிடும்ங்க. எனக்குப் பயமா இருக்கு. ஆனா அனுப்பாம இருக்க அதைவிடப் பயமா இருக்கு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அனுப்பினாள். மாலைக்குள் நாற்பத்தாறு லிப்டுகளும் நின்றன. அத்தனை பேரின் வசவையும் போனில் நான்தான் வாங்கினேன். அவரை அன்றே சஸ்பெண்ட் செய்தார்கள். பிறகு வேலையே போனது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அது எனக்குக் குறைவு என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் அந்தப் பன்னிரண்டு மாடி லிப்டின் பின்னைக் கழற்ற வேண்டியிருந்தது. சோதனைக்காரர் பக்கத்தில் நிற்க, சஸ்பெண்டில் இருந்த அவரையே கூப்பிட்டார்கள். அந்த மெஷினை அவர் அளவுக்கு அறிந்தவர் இல்லை. அக்காவும் வந்திருந்தாள், நானும் போனேன். மொட்டைமாடி அறையில் அவர் பிரேக்கின் கிளிப்பைக் கழற்றிவிட்டுப் பின்னை இடுக்கியால் பிடித்து இழுத்தார். சுலபமாக வந்தது. பாதிதான் வந்தது. மீதி உள்ளேயே நின்றுவிட்டது. ஒடிந்த முகம் முழுக்கத் துரு. ஒரே ஒரு ஓரத்தில் மட்டும் நகத்தின் வெள்ளை அளவுக்குப் புது இரும்பு பளபளத்தது. பழைய விரிசலில் அறாமல் நேற்றுவரை பிரேக்கைத் தாங்கியது அவ்வளவுதான்.

"நேத்து இதுல எத்தனை தடவை ஏறி இறங்கினீங்க?" என்றாள் அக்கா.

அவர் யோசித்தார். "பதினஞ்சு இருக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போல. பாதிப் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சோதனைக்காரர் முன்னாலேயே வாய்விட்டு அழுதாள்.